துக்க வீட்டுல என்னண்ணே பேசுறது?

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணான். டீக்கன் பட்டம் (முழு போதகர் ஆகறதுக்கு முந்தின படி) வாங்கி இன்னும் ஆறு மாசம் ஆகல, ஒரு சேகரத்துல, அதாவது சில சபைங்க சேர்ந்த வட்டாரத்துல, உதவி போதகரா போட்டிருக்காங்க. அவன் சபையில ஒரு காலேஜ் பையன் பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டான். "அண்ணே, அந்த வீட்டுக்கு மூணு தடவ போயிட்டேன், போய் ஒரு வசனம் வாசிச்சு ஜெபம் பண்ணிட்டு வந்துர்றேன், அந்த அம்மா என் முகத்தக்கூட நிமிர்ந்து பாக்க மாட்டேங்காங்க, துக்க வீட்டுல என்னத்தண்ணே பேசுறது"ன்னு கேட்டான். இறையியல் கல்லூரியில இதுக்கெல்லாம் பாடம் உண்டு, நானும் படிச்சிருக்கேன், நல்ல மார்க்குதான். ஆனா எனக்கு ஞாபகம் வந்தது அந்த பாடம் இல்ல, ஒரு மம்பட்டி.

2023 டிசம்பர் 17, கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து காலத்துல மூணாவது ஞாயிறு. அப்ப நான் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்துல ஒரு சேகரத்துல ஐயரா, அதாவது போதகரா இருந்தேன். முந்தின ராத்திரியே மழை பிடிச்சிருச்சு, காலை ஆராதனைக்கு வந்தது பதினோரு பேரு, அதுல ரெண்டு பேரு நானும் கோயில்குட்டியாரும் (சர்ச்ச பாத்துக்கிறவர்). சாயந்தரம் வீடு வீடா போய் கிறிஸ்மஸ் பாட்டு பாடுற கேரல் ரவுண்ட்ஸ் இருந்துச்சு, சரி மழை விட்டதும் போலாம்னு பசங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க, எங்க விட்டுச்சு. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க மாவட்டத்துல வருஷம் பூரா பெய்றதே அவ்வளவு இருக்காது. தாமிரபரணி ஒரு பக்கம், குளம் உடைஞ்ச தண்ணி இன்னொரு பக்கம், ராத்திரியோட ராத்திரியா வாழைத்தோட்டம் எது ஆறு எதுன்னு தெரியாமப் போச்சு. 92 வெள்ளத்த பாத்த பெருசுங்களே இது அதையும் மிஞ்சிட்டுன்னு சொன்னாவ.

கோயில், அதாவது எங்க சர்ச்சு, கொஞ்சம் மேட்டுல இருக்கறதால சனம் பூரா அங்கதான் ஏறுச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல, ரோடு இல்ல. எந்த தெரு எந்த சாதி எந்த சாமின்னு யாரும் கேக்கல, கேக்க நேரமும் இல்ல. எங்க பக்கத்து ஊர்கள்ல அசனம்னு ஒண்ணு உண்டு, பிரதிஷ்டை பண்டிகைக்கு கோயில்ல கிடாரம் கிடாரமா சோறு பொங்கி ஊரையே உக்கார வச்சு போடுறது. அந்த கிடாரம், அண்டா, ஆளுயர துடுப்பு எல்லாம் ஸ்டோர் ரூம்ல கிடந்துச்சு. அரிசிக்கு என்ன பண்றதுன்னு நான் முழிச்சுக்கிட்டு நிக்கும்போது ஒரு அக்கா, "ஐயா, பிடியரிசி இருக்குல்லா"ன்னு சொன்னாங்க. பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசிய தனியா எடுத்து வச்சு சேத்து கோயிலுக்கு கொண்டு வருவாங்க, அத ஏலம் போட்டு காணிக்கையில சேப்போம். அந்த மாசம் ஏலம் போட மறந்துட்டோம், கமிட்டியில அதுக்கு என்ன ஒரு திட்டு விட்டாங்க தெரியுமா ரெண்டு வாரம் முன்னாடி! விறகு பூரா நனைஞ்சு போச்சு, குருமனை (நான் குடியிருந்த வீடு) சிலிண்டர், பக்கத்து வீட்டு சிலிண்டர்னு தூக்கிட்டு வந்து கஞ்சி காய்ச்சினோம். ராத்திரி இருட்டுல பிள்ளைங்க அழ ஆரம்பிச்சதும் வயசானவங்க மெதுவா ஒரு கீர்த்தனை எடுத்தாங்க, புத்தகம் இல்லாம எல்லா சரணமும் பாடுனாங்க, கிறிஸ்தவங்க இல்லாதவங்களும் கூட முனகுனாங்க. நான் பிரசங்கம் ஒண்ணும் பண்ணல.

அதே ராத்திரிதான் திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்கு கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டுச்சு, கிட்டத்தட்ட 800 பேரு. புதுக்குடி ஊர்க்காரங்க, அவங்க ஊரே தண்ணியில கிடக்கும்போது, அவங்க ஊர் கோயில்ல வச்சு சமைச்சு ரயில்ல மாட்டுனவங்களுக்கு சோறு கொண்டு போனாங்க. நல்ல சமாரியன் கதைய வருஷா வருஷம் பிரசங்கம் பண்றவன் நான், அத பேப்பர்ல படிச்சப்ப கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு, ஏன்னா அந்த கதையில என்னைய மாதிரி ஆளு யாருன்னு எனக்கு தெரியும், பாத்துட்டு விலகிப் போன ஆசாரியன்.

சரி மம்பட்டிக்கு வர்றேன். நாலாவது நாள் தண்ணி வடிஞ்சதும் வெள்ளை வேஷ்டி கட்டி பைபிள எடுத்துக்கிட்டு வீடு சந்திக்க கிளம்புனேன். இப்ப நினைச்சா சிரிப்பா வருது, முழங்கால் சேத்துல வெள்ளை வேஷ்டி. ஒரு பாட்டி வீடு. ஆடு நாலும் போச்சு, பீரோ கவுந்து கிடக்கு, வீட்டுக்குள்ள முழங்கால் அளவு சேறு. நான் வாசல்ல நின்னு, "பாட்டி, கர்த்தர் காரணம் இல்லாம எதையும் அனுமதிக்க மாட்டார்"னு ஆரம்பிச்சேன். பாட்டி என்னைய ஒரு நிமிஷம் பாத்தாவ. "காரணத்த நான் அவர்ட்ட கேட்டுக்கிடுதேன் ஐயரே. நீங்க அந்த மம்பட்டிய எடுங்க."

எடுத்தேன். மூணு மணி நேரம் சேறு அள்ளுனேன், உள்ளங்கையில கொப்புளம். பாட்டி ஒரு வார்த்தை பேசல, அள்ளுற சேத்த எங்க கொட்டணும்னு மட்டும் கைய காட்டுனாவ. அப்புறம் மாடி வீட்டுல இருந்து கருப்பட்டி காப்பி வாங்கிட்டு வந்து குடுத்தாவ, குடிக்கும்போது அவங்களா பேச ஆரம்பிச்சாவ. செத்துப்போன புருஷன், பம்பாய்ல இருக்க மகன், ஒவ்வொரு ஆட்டுக்கும் என்ன பேருன்னு. கிளம்பும்போது, "ஜெபம் பண்ணாம போறீங்களே"ன்னு அவங்களே கேட்டாவ. சேத்துக் கையோட நின்னு பண்ணேன். என் ஊழியத்துல நான் பண்ண ஜெபத்துல சின்னது அதுவாத்தான் இருக்கும்.

அதுக்கப்புறம்தான் பைபிள்ல வர்ற பர்னபாவ திரும்ப படிச்சேன். ஆறுதலின் மகன்னு அப்போஸ்தலர்கள் பேரு வச்சாங்க இல்லையா, அந்த மனுஷன் என்ன பேசுனார்னு தேடிப்பாருங்க, தனியா ஒரு நல்ல பிரசங்கம்கூட அவர் பேருல கிடைக்காது. நிலத்த வித்து பணத்த கொண்டு வந்து வச்சார். சபையத் துன்பப்படுத்திட்டு மனம் மாறி வந்த சவுல (பின்னாடி பவுல்) கண்டு எல்லாரும் பயந்தப்ப, கைய பிடிச்சு கூட்டிட்டு வந்து நிறுத்தினார். கிலவுதியு ராயன் காலத்துல பஞ்சம் வந்தப்ப அந்தியோகியா சபை சேத்துக் குடுத்தத யூதேயாவுக்கு சுமந்துட்டு போனார். சுமந்துட்டு போறவருக்குத்தான் ஆறுதல்னு பேரு, நாம என்னடான்னா காலை நாலரை மணிக்கு ரோஜாப்பூ போட்ட வாக்குத்தத்த வசனத்த நூறு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டு ஊழியம் முடிஞ்சதுன்னு படுத்துக்கிடுதோம் (நானும்தான், இப்ப குறைச்சிருக்கேன்).

சாமான் குடுக்கறது மட்டும் போதும்னும் சொல்ல வரல. வெள்ளத்துக்கப்புறம் லாரி லாரியா வந்துச்சு, கடவுள் அவங்கள ஆசீர்வதிக்கட்டும், ஆனா ஒரு குரூப் கிழிஞ்ச துணிய மூட்டையா இறக்கிட்டு பேனர் பிடிச்சு பாட்டிய நடுவுல நிறுத்தி போட்டோ எடுத்துட்டு போனாங்க. பாட்டி பேரு என்னன்னு ஒருத்தரும் கேக்கல. வெள்ளாளன்விளை எங்க பக்கத்து ஊருதான், 1874ல அங்க பிறந்த அசரியா ஐயா, அப்புறம் 1912ல தோர்னக்கல் பேராயரா ஆனவர், 1910ல எடின்பரோ மாநாட்டுல மிஷனரிமார் முன்னாடி நின்னு ஒண்ணு கேட்டார். ஏழைகளுக்கு உங்க சொத்தக் குடுத்தீங்க, உங்க சரீரத்தையே குடுத்தீங்க, நாங்க அன்பக் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களத் தாங்கன்னு. வெள்ளைக்காரங்ககிட்ட கேட்டத இப்ப நம்ம சபைய பாத்து கேக்க வேண்டியிருக்கு.

இதெல்லாம் அந்த தம்பிட்ட நான் சொல்லல, போன்ல இவ்வளவு நீளமா பேசுனா வச்சிருவான். "எஃப்ஐஆர் காப்பி, இன்சூரன்ஸ் பேப்பருக்கு எல்லாம் அந்த வீட்டுல யாருடா அலையுறா?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "தெரியலண்ணே, அந்த பையனோட அப்பா தனியாத்தான் அலையுறார்னு நினைக்கேன்"னான்.

நேத்து மதியம் வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு. "அண்ணே ஸ்டேஷன் வாசல்ல நிக்கோம். காப்பி நாளைக்கு வந்து வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. அவங்க அப்பாவும் நானும் டீ குடிச்சிட்டு இருக்கோம். பையன் நல்லா செஸ் ஆடுவானாம்."