குவிலென்சு செய்முறை: 15 செ.மீ. எப்படி 60 ஆகிறது?

பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறையில் குவிலென்சின் குவியத் தொலைவு (தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்சு குவிக்கும் இடம்வரை உள்ள தூரம்) காண்பது சுலபமான சோதனை என்று பெயர் வாங்கியது. லென்சு, தாங்கி, வெண்திரை, கம்பிவலை வைத்த விளக்கு, மீட்டர் ஸ்கேல். சாமான் இவ்வளவுதான். ஆனால் பிழை நுழைய இதில் வழிகள் நிறைய. பேச்சு வசதிக்கு, கையில் இருப்பது 15 செ.மீ. குவியத் தொலைவுள்ள லென்சு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தொலைபொருள் முறை: தொலைவில் உள்ள பொருளின் பிம்பத்தைத் திரையில் விழவைத்து, லென்சுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளப்பது. 'தொலை' என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 3 மீட்டர் தள்ளியுள்ள ஜன்னல் கம்பியைத் திரையில் விழவைத்தால் 15.8 செ.மீ. வரும். 30 மீட்டர் தள்ளியுள்ள மரத்தைப் பிடித்தால் 15.1 தான். அதனால் ஜன்னலை விட்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிவதைப் பிடியுங்கள். சூரியனை மட்டும் வேண்டாம். லென்சு வழியே அதைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து, குவிந்த ஒளி காகிதத்தைப் பொசுக்கும்.

அடுத்து யு-வி முறை: லென்சிலிருந்து பொருளுக்கு உள்ள தூரம் யு, பிம்பத்துக்கு உள்ள தூரம் வி; இரண்டையும் அளந்து குவியத் தொலைவைக் கணக்கிடுவது. பொருளுக்கும் திரைக்கும் இடையே குவியத் தொலைவைப் போல் நான்கு மடங்காவது, அதாவது 60 செ.மீ., இருக்க வேண்டும். 50 செ.மீ. இடைவெளியில் வைத்துவிட்டு லென்சை எவ்வளவு நகர்த்தினாலும் தெளிவான பிம்பம் விழாது. "லென்சு சரியில்லை சார்" என்ற புகாரில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. மெழுகுவத்தியைவிடக் கம்பிவலை நல்லது: சுடர் ஆடும், வலையின் கோடு ஆடாது. எல்.இ.டி. பல்பை அப்படியே வைத்தால் வெறும் வெளிச்சத் திட்டுதான் விழும், எது கூர்மை என்று சொல்லவே முடியாது. முன்னால் அம்புக்குறி வெட்டிய அட்டையை வையுங்கள். விளக்கு, லென்சின் நடு, திரையின் நடு மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

பொருள் 40 செ.மீ.யில் இருந்தால் பிம்பம் 24-இல் விழும். இடைவெளி 64. பொருளையும் திரையையும் தொடாமல் லென்சை மட்டும் நகர்த்தினால் இன்னோர் இடத்திலும் பிம்பம் தெளியும். அப்போது பொருள் 24, பிம்பம் 40. இந்த ஜோடியை எடுக்காமல் விடாதீர்கள். தாங்கியின் அடிப்பாகக் குறியிலிருந்து அளக்கிறோம், லென்சோ அந்தக் குறிக்கு 1 செ.மீ. முன்னே பொருள் பக்கம் நிற்கிறது என்று வையுங்கள். முதல் அளவு 41, 23 என்று வரும்; விடை 14.7. இரண்டாவது 25, 39, விடை 15.2. ஒன்று குறைந்து மற்றது கூடினால் சந்தேகம் தாங்கியின் மேல் விழ வேண்டும். இரண்டின் சராசரி கிட்டத்தட்ட 15-க்கே திரும்பிவிடுகிறது, பாருங்கள்.

இன்னொன்று: பொருள் 20-இல் இருந்தால் பிம்பம் 60-இல். அங்கே திரையை 2 செ.மீ. தள்ளினாலும் விடை 0.1 அளவே மாறும். ஆனால் பொருள் தொலைவில் அரை செ.மீ. பிசகினாலே 0.3 போய்விடும். கவனம் கிட்ட இருக்கும் தூரத்தில் வேண்டும்.

கணக்கில்தான் பெரிய விபத்து. யு, வி இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டலால் வகுக்கும் சூத்திரத்தில் குறியில்லாத அளவுகளைத்தான் போட வேண்டும். குறியீட்டு மரபு (ஒளி செல்லும் திசைக்கு எதிரே அளக்கும் தூரத்துக்கு மைனஸ் போடும் வழக்கம்) நினைவுக்கு வந்து 40-க்கு மைனஸ் போட்டால், மைனஸ் 960-ஐ மைனஸ் 16-ஆல் வகுத்து 60 என்று கம்பீரமாக விடை வரும். மைனஸ் போட்டே தீருவேன் என்றால் கீழே யு-விலிருந்து வி-யைக் கழியுங்கள்.

சராசரி எடுப்பதும் கடைசிக் கட்டத்தில்தான். 40, 30, 24 என்ற யு-களையும் 24, 30, 40 என்ற வி-களையும் முதலில் சராசரி பார்த்துவிட்டுச் சூத்திரத்தில் போட்டால் 15.7 கிடைக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே விடை கண்டால் மூன்றும் 15.

வாய்மொழிக் கேள்வியில், லென்சின் பாதியைத் தாளால் மறைத்தால் பாதிப் பிம்பம் என்று சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மேசையிலேயே மறைத்துப் பாருங்கள்: முழுப் பிம்பமும் இருக்கும், வெளிச்சம்தான் குறையும்.