முதல் ஓபராவாக எதைப் பார்ப்பது?

கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்வது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘லா போயெம்’. ஓபரா என்றால் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம். ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர் பிறகு வரட்டும். அவருடைய சில படைப்புகள் ஐந்து மணி நேரம்கூட நீளும். இதுவோ நான்கு அங்கம், இடைவேளையைக் கழித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1896-இல் இத்தாலியின் தூரின் நகரில் அரங்கேறியது.

கதை நடப்பது 1830 வாக்கில், பாரிஸில். வாடகை கட்ட வழியில்லாத கவிஞன் ரொடோல்ஃபோ. அணைந்த மெழுகுவர்த்தியோடு நெருப்புக் கேட்டு வருகிறாள் மிமி. இருட்டில் சாவியைத் தேடும்போது கைகள் தொட்டுக்கொள்கின்றன. அவள் கை சில்லிட்டிருப்பதைச் சொல்லித்தான் அவன் பாட்டே ஆரம்பிக்கிறது. அந்தப் பாட்டின் உச்ச ஸ்வரத்துக்குக் காத்திருங்கள். மைக் கிடையாது. வெறும் தொண்டை, முழு இசைக்குழுவையும் தாண்டி மேல்மாடம் வரை வருகிறது!

கடைசி அங்கத்தில் மிமி இறந்துவிட்டது நமக்குத் தெரியும், நண்பர்களுக்குத் தெரியும், இசைக்குழுவுக்கும் தெரியும். ரொடோல்ஃபோவுக்கு மட்டும் தெரியாது. சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் தாங்காது.

கதையை முன்பே படித்துவிட்டுப் போங்கள், சுவை குறையாது. நான் இருக்கும் வியன்னாவுக்கு வந்தால் அரசு ஓபரா அரங்கில் நின்று பார்க்கும் டிக்கெட் எடுங்கள், விலை மிகக் குறைவு. முன்னாலுள்ள கம்பியில் ஒரு துண்டைக் கட்டினால் அது உங்கள் இடம். வசனத்தின் மொழிபெயர்ப்பு சின்னத் திரையில் ஓடும். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வராதீர்கள், அப்போது விடுமுறை.