கடைசி அரை மணி நேரம்

டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் ஆகும். பெரும்பாலானோர் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை வருகிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் தவிர இது ஆயுளுக்கும் தொடரும். 'வைத்தியம் முடிந்தது, வீட்டுக்குப் போகிறேன்' என்ற நிம்மதி இவர்களுக்குக் கிடையாது. இன்று எப்படி முடிந்ததோ, அந்த நினைப்போடுதான் அடுத்த தடவை படியேறி வருவார்கள்.

ஊசி போடும்போது நாங்கள் எல்லோருமே கவனமாக இருப்போம். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம், அதன் மேல் விரல் வைத்து அதிர்வைப் பார்த்து, இடம் தேர்ந்து, ரத்தம் வெளியே வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று என்று இரண்டு தடித்த ஊசிகள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டால், பேச்சு பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இருக்கும். உடம்பில் சேர்ந்த நீரில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். பிபி இறங்குவதும் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும் அப்போதுதான் அதிகம். அந்த நேரம் பார்த்து அடுத்த ஷிப்டுக்காரர்கள் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் கை தானாகவே வேகமாகிவிடும்.

ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர். முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, "கழட்டிவிட்டுடு தம்பி, முடியல" என்று கத்தினார். நீர் எடுப்பதை நிறுத்திவிட்டு, அவர் பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டேன். கல் மாதிரி இறுகியிருந்த சதை கைக்குள் மெல்லத் தளர்வது தெரிந்தது. "இனிமே தண்ணி எடுக்கலைங்கய்யா, ரத்தம் மட்டும்தான் சுத்தமாகுது" என்றேன். மெஷின் திரையைப் பார்த்துக்கொண்டே, "சரி, ஓடட்டும்" என்றார். மீதி நேரத்தையும் முடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

டொரன்டோ மருத்துவர் ரெடல்மையரும் உளவியலாளர் டேனியல் கானமனும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நெருக்கமானது. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையின்போது நிமிடத்துக்கு நிமிடம் வலி எவ்வளவு என்று நோயாளிகளிடமே கேட்டுக் குறித்தார்கள். பிறகு ஞாபகத்தில் தங்கியது, வலி உச்சத்துக்குப் போன நேரமும் கடைசி சில நிமிடங்களும்தான். மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. 2003-ல் 682 பேரிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் பரிசோதனை முடிந்தும் குழாயை உடனே உருவாமல், நுனியைச் சிறிது நேரம் அசையாமல் வைத்திருந்தார்கள். அசௌகரியம்தான், ஆனால் அதற்கு முந்தைய வலியைவிடக் குறைவு. அவர்கள் மொத்த அனுபவத்தையே அவ்வளவு மோசமாகச் சொல்லவில்லை. மறுபடி பரிசோதனைக்கு வந்ததும் அவர்களில்தான் கொஞ்சம் அதிகம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மறுபடி வருவதுதான். டயாலிசிஸில் ஒரு தடவை தவறினால் நுரையீரலில் நீர் கோத்து, நடுராத்திரியில் மூச்சுத்திணறலோடு தூக்கி வரவேண்டியிருக்கும். வராமல் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் முதலில் பஸ், காசு, வீட்டு விசேஷம் என்பார்கள். அதெல்லாம் உண்மைதான். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால், "போன தடவ ரொம்பப் படுத்திடுச்சு சார்" என்று வரும்.

எடை பார்க்கும் இடமும் அப்படித்தான். ஞாயிறு இடைவெளிக்குப் பிறகு திங்கட்கிழமை உடம்பில் நீர் சேர்ந்து எடை கூடித்தான் இருக்கும். பத்துப் பேர் முன்னால் "எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று அதட்டினால், அடுத்த முறை "சட்டைதான் சார் கனம்" என்பார்கள். சித்திரை வெயிலில், நாள் முழுக்க அளந்து குடிக்கவேண்டிய மனிதரை அதட்டி என்ன பயன்? நீர் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கு அவருடைய உண்மையான பதில் வேண்டும். வெட்கப்படுத்தினால் அது கிடைக்காது.

ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்கவேண்டும். அவசரப்பட்டால் பஸ்ஸிலேயே சட்டை நனைந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது அந்தச் சட்டையைத்தான். நான்கு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டு ஷிப்டுக்கும் நடுவில் கூடுதலாக அரை மணி நேரம் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு, பஞ்சை அழுத்திப் பிடிக்கும்போது ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். நின்றுகொண்டே பிடித்தால் நோயாளிகளின் கண் கதவுப் பக்கமே போகிறது.