‘நானேதான் குளிக்கிறேன்’ என்ற பதிலும் ஐடியாஸ் மதிப்பெண்ணும்

மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் இல்லாத குரல் காதில் கேட்ட கதையைத்தான் சொல்லத் தயாராகிப் போகின்றன. எப்போது சந்தேகம் தொடங்கியது, எத்தனை நாள் வார்டில் இருந்தார் என்று. மதிப்பிடும் மருத்துவருக்கு வேண்டியது வேறு: இப்போது அன்றாடம் என்ன முடிகிறது, என்ன முடியவில்லை? மாத்திரையில் குரல் அடங்கிவிடும். கவனம், நினைவு, திட்டமிடல், எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் படிப்பது இவையெல்லாம் அதே அளவுக்கு மீள்வதில்லை. வேலையையும் உறவையும் முடக்குவது பெரும்பாலும் இந்தக் குறைதான். ஐந்து நிமிடப் பேச்சில் அது கண்ணில் படாது.

மதிப்பீட்டுக்குப் பயன்படுவது ஐடியாஸ் என்ற அளவுகோல். இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு 2002இல் உருவாக்கியது. தன்னைப் பராமரித்தல், பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; குறை கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். நோயின் காலத்துக்கு மேலும் 1 முதல் 4. பத்து ஆண்டைத் தாண்டினால் 4. கூட்டுத்தொகை 8 ஆனால்தான் 40 சதவீதம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வேலை ஒதுக்கீடு போன்றவை அதிலிருந்துதான் தொடங்கும்.

பன்னிரண்டு ஆண்டு நோயுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ‘குளிக்கிறீர்களா?’ ‘குளிக்கிறேன்.’ ‘வீட்டில் உதவி செய்வீர்களா?’ ‘செய்வேன்.’ அவர் பொய் சொல்லவில்லை. பராமரிப்பு 0, பழகுதல் 1, பேச்சு 0, வேலை 2, காலம் 4: மொத்தம் 7. சான்றிதழ் கிடைக்கும், 40 கிடைக்காது. மூன்று முறை சொன்னால்தான் குளிக்கப் போகிறார், கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானில் ஒன்றுதான் வருகிறது, வேலையில் சேர்ந்த இடத்தில் பத்து நாள் தாண்டுவதில்லை என்பதை அம்மா சொல்லியிருந்தால் அதே ஆளுக்கு 1, 2, 2, 3, காலம் 4: மொத்தம் 12.

அதனால் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘சோம்பேறி’, ‘பொறுப்பில்லை’ என்று எழுதினால் பயனில்லை. என்ன வேலை, எத்தனை முறை நினைவூட்டினீர்கள், எந்த இடத்தில் நின்றுபோனது என்று எழுதுங்கள். சாம்பார் வைக்கத் தெரியும். பருப்பு வேகும்போதே காய் நறுக்கச் சொன்னால் இரண்டும் கெடுகிறது. இது திட்டமிடல் சிக்கல். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் பேச்சைப் பின்தொடர முடியாமல் எழுந்துவிடுகிறார். உறவினர் திமிர் என்கிறார்கள். அதையும் எழுதுங்கள். வீட்டு வேலையும் படிப்பும்கூட வேலைப் பகுதியில் சேரும். ‘இல்லத்தரசிதானே’ என்று அதை வெறுமையாக விடக் கூடாது.

விண்ணப்பம் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில். ஆதார், புகைப்படம், கையொப்பம், முகவரிச் சான்று வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் நாளில் பழைய ஓ.பி. சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்துப் போங்கள். நோய் தொடங்கி இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே முதல் சீட்டு மிக முக்கியம்.

அதிகம் தவறுவது இங்கேதான். கூட வருபவர் தினமும் அவருடன் இருப்பவராக இருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர் என்று வெளியூர் மாமாவை அனுப்பினால் பாதிக் கேள்விக்குப் பதில் இருக்காது. அன்று காலை சவரம் செய்து, சட்டை தேய்த்து அழைத்துப் போவதில் தவறே இல்லை, ஆனால் அதைச் செய்தது யார் என்று சொல்லிவிடுங்கள். அவர் முன்னால் குறைகளை அடுக்காதீர்கள். மரத்துப்போனவர்போல உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்கிறது. மருத்துவரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள், முடியாவிட்டால் நோட்டை நீட்டுங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம்; பழைய சீட்டுகளோடு ஒத்துப்போகவில்லை என்றால் உண்மையான குறையும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

இன்னொன்று, சான்றிதழோடு நேரடித் தொடர்பில்லாதது. மனநோய் மாத்திரைகளால் வரும் கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை நினைவாற்றலை மேலும் மங்கச் செய்யும். ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் தேவையா, குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சதவீதம் குறைவாக வந்தால் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியாக என்ன மதிப்பெண் என்று முதலில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பகுதியில் சொல்ல விட்டோம் என்று அதில் தெரிந்துவிடும். சான்றிதழில் காலவரம்பு போட்டிருந்தால், அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே நோட்டை மறுபடி எழுதத் தொடங்குங்கள்.