மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில்: சாக்சபோன் வகுப்பு நாட்குறிப்பு

11.05.2024, கிளிநொச்சி

ஆல்ட்டோ சாக்சபோனில் ஸாவை (ஆதார ஷட்ஜத்தை) எங்கே வைப்பது என்பதை முதல் கிழமையிலேயே முடிவெடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மாற்றினால் பிள்ளையின் விரல் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டி வரும்.

ஆல்ட்டோ இ பிளாட் வாத்தியம். தாளில் 'சி' என்று எழுதியதை ஊதினால் காதில் விழுவது இ பிளாட், ஆதார சுருதியைக் கட்டையில் சொல்லும் நம்முடைய கணக்கில் 2½ கட்டை. எழுத்து முறையில் வீச்சு கீழ் பி பிளாட்டிலிருந்து மேல் எஃப் வரை: இரண்டு ஸ்தாயியும் மேலே ஒரு பஞ்சமமும். மந்திர (கீழ்) ஸ்தாயியில் கொஞ்சம் இறங்கவும் வேண்டும், தார (மேல்) ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொடவும் வேண்டும் என்றால் எழுத்து 'ஜி'யில் ஸா வைப்பதுதான் பொருந்தும். கேட்கும் சுருதி 6½ கட்டை. கீழே மந்திர சாதாரண காந்தாரம் வரை, மேலே தார கைசிகி நிஷாதம் வரை கிடைக்கும்.

கோயிலில் பாரி நாயனத்தோடு (நீளமான நாதஸ்வரத்தோடு) சேர்ந்து ஊத வேண்டி வந்தால் கதை வேறு. அங்கே 2½ கட்டை என்றால் ஸா 'சி'க்குப் போகும், தார ஸ்தாயியில் சுத்த மத்திமத்தோடு வாத்தியம் முடிந்துவிடும். 5 கட்டையில் பாடும் பெண் குரலுக்குப் பக்கத்தில் என்றால் ஸா 'இ'. மூன்றையும் ஒரே வருடத்தில் படிப்பிக்கப் போனால் ஒன்றும் தேறாது. முதல் இரண்டு வருடமும் 'ஜி' மட்டும்.

19.05.2024

'ஜி'யில் ஸா வைத்ததற்கு ஒரு விலை இருக்கிறது. மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் வாத்தியத்தின் மூட்டு வந்து விழுகிறது.

சுத்த மத்திமம் எழுத்து 'சி': இடக்கை நடுவிரல் ஒன்று மட்டும். பஞ்சமம் அதற்கு மேல் 'டி': ஆறு விரலும் மூட, இடக்கைப் பெருவிரல் ஒக்டேவ் கீயை (சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றும் கீயை) அழுத்த வேண்டும். ஒரு விரலிலிருந்து ஒரே நேரத்தில் ஏழுக்குப் போகிறோம். பெருவிரல் முந்தினால் ஒரு கணம் மேல் ஸ்தாயி 'சி' கீச்சிடும். பிந்தினால் கீழ் 'டி' உறுமும். வலக்கை மோதிரவிரல் பிந்தினால் நடுவில் 'இ' ஒன்று எட்டிப்பார்க்கும். எந்தச் சத்தம் வருகிறது என்பதைக் கேட்டே எந்த விரல் பிழை என்று சொல்லிவிடலாம். பிள்ளையின் கையைப் பார்க்கத் தேவையில்லை.

பயிற்சி: மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து 'ம ப ம ப', ஒரு சுரத்துக்கு நாலு அடி, நாக்கு போடாமல் ஒரே மூச்சில். நாக்கு போட்டால் விரல் பிழை மறைந்துவிடும். 60இல் சுத்தமாக வராததை 80இல் ஊதுவிப்பது பிழையை மனப்பாடம் செய்விக்கும் வேலை. துரித காலத்துக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: மத்திமம் ஊதும்போதே வலக்கை மூன்று விரலையும் மூடி வைப்பது. சுருதி கொஞ்சம் இறங்கும், நாதம் மூடிக் கேட்கும். நின்று பாடும் மத்திமத்துக்கு அது கூடாது.

பிரதி மத்திமம் இன்னும் மோசம். அது 'சி ஷார்ப்', ஒரு விரலும் வைக்காத திறந்த சுரம். மெலிந்து தளம்பும். இடக்கை மோதிரவிரலோடு ஒக்டேவ் கீயை அழுத்தினால் வேறொரு 'சி ஷார்ப்' கிடைக்கும், நாதம் கூடிய சுரம். கல்யாணியை இழைக்க அதுதான் உதவும். வாய்ப்பாட்டில் சீக்கிரமே வரும் கல்யாணியை சாக்சபோனில் பிந்திப் போடுவது இதற்காகத்தான். இராகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை.

20.05.2024

நேற்று எழுத விட்டது. மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபம் 'ஜி ஷார்ப்', இடக்கைச் சின்னி விரல். அந்தத் துளையை மூடும் தோல் பேட் எப்போதும் மூடியே கிடப்பது, எச்சில் ஈரம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தூக்கும் ஸ்பிரிங்கும் பலம் குறைந்தது. ஆக, முதல் பாடத்தின் இரண்டாவது சுரமே வாத்தியத்தில் அதிகம் ஒட்டும் கீ. "ரி" வராமல் "ஸா ஸா கா" என்று கேட்டால் பிள்ளையை ஏச முதல் பேட்டைப் பார்க்க வேண்டும். மெல்லிய தாள் ஒன்றை அடியில் வைத்து, கீயை மெதுவாக அழுத்தி, தாளை இழுக்காமல் எடுத்து, இடம் மாற்றித் திரும்ப வைக்க வேண்டும். அழுத்தியபடி இழுத்தால் தோல் உரியும். பவுடர் போடுவது ஒருநாள் வைத்தியம், அடுத்த நாள் பசையாகிவிடும்.

08.06.2024

இன்றைக்கு மேசைக்கு வந்தது பாடசாலை பாண்ட் ஒன்றின் ஆல்ட்டோ. முறைப்பாடு: "சேர், கீழ் சுரம் ஒண்டும் வருதில்லை, கொதிக்கிற மாதிரிச் சத்தம்."

இந்தக் கொதிப்புச் சத்தத்துக்குப் பிள்ளைகள் வாயை இறுக்குவார்கள், தடித்த ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) வாங்குவார்கள். பத்துக்கு எட்டுத் தடவை காற்றுக் கசிவுதான் காரணம், அதுவும் கீழே அல்ல, மேலே. கீழ் 'டி'யை ஊதிக்கொண்டு 'ஜி ஷார்ப்' கீயை அழுத்திப் பார்க்க வேண்டும். சத்தம் மாறக் கூடாது. மாறினால் 'எஃப் ஷார்ப்' மூடியிலிருந்து நீளும் கை 'ஜி ஷார்ப்' மூடியைச் சரியாக அமுக்கவில்லை. கீழ் 'சி ஷார்ப்', 'பி', 'பி பிளாட்' மூன்றின் கீயும் 'ஜி ஷார்ப்' தண்டையும் சேர்த்து இழுப்பதால் அந்த மூன்றும்தான் முதலில் சாகும்.

அந்தக் கையில் சின்ன ஸ்குரூ ஒன்று உண்டு. சிறிய ஸ்குரூ டிறைவரால் எட்டில் ஒரு சுற்று இறுக்கி, திரும்ப ஊதிப் பார்த்து, தேவையென்றால் இன்னும் எட்டில் ஒன்று. அதற்கு மேல் ஒரேயடியாகத் திருப்பினால் 'ஜி ஷார்ப்' முந்தி மூடி, 'எஃப் ஷார்ப்' மூடி இடைவெளியோடு நிற்கும். அப்போது 'எஃப்'இலிருந்து கீழே எல்லாமே கெடும், முன்பிருந்ததை விட மோசம். பக்கத்தில் இருக்கும் இரண்டாவது ஸ்குரூ சின்ன பி பிளாட் மூடிக்குரியது. இரண்டையும் குழப்ப வேண்டாம். அதற்குச் சோதனை: இடக்கைச் சுட்டுவிரல், வலக்கைச் சுட்டுவிரல் இரண்டையும் மட்டும் வைத்து ஊதினால் பி பிளாட் சுத்தமாக வரவேண்டும்.

கசிவு விளக்கு இல்லாவிட்டால், இருட்டறையில் மெல்லிய எல்ஈடி நாடாவை உள்ளே இறக்கி மூடியைச் சுற்றி வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கலாம். வெளிச்சம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாசிக்கும்போது விரல் எவ்வளவு அமுக்குமோ அவ்வளவுதான்.

இன்னொன்று: கழுத்தைக் கழற்றும்போது அதன் ஒக்டேவ் கீயைப் பிடித்துத் திருப்பக் கூடாது. அது வளைந்தால் மேல் துளை சரியாக மூடாமல் கீழ் சுரமெல்லாம் ஒரு ஸ்தாயி மேலே துள்ளும். இன்று வந்ததில் அந்தப் பழுதும் இருந்தது.

30.06.2024

கச்சான் (தென்மேல் பருவக்) காற்று. சாக்சபோனுக்குள் காற்று சூடானால் சுருதி ஏறும், ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 3 சென்ட் (ஒரு சென்ட் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). 20 பாகையில் 'ஏ' 440 ஹேர்ட்ஸுக்கு ஒழுங்கு செய்து விற்ற வாத்தியம் தகரக் கூரைக்குக் கீழ் 34 பாகையில் நிற்கிறது. 20 பாகையிலும் மூச்சுச் சூடு உள்ளே இருந்ததால் முழுக் கணக்கும் அப்படியே ஏறாது, ஆனால் சுருதிப் பெட்டியோடு சண்டை பிடிக்கக் காணும்.

எல்லாரும் செய்வது வாயில் வைக்கும் மவுத்பீஸைக் கழுத்திலிருந்து வெளியே இழுப்பது. இழுத்தால் எல்லாச் சுரமும் ஒரேயளவு இறங்காது. குழாய் நீளம் குறைவாகப் பயன்படும் 'பி', 'சி', 'சி ஷார்ப்' அதிகம் இறங்கும், ஆறு விரலும் மூடிய 'டி' குறைவாக இறங்கும். நம்முடைய ஸாவில் அதன் அர்த்தம்: மத்திமம் இறங்கிப் பஞ்சமம் ஏறி நிற்கும். திரும்பவும் அதே மூட்டு. ஆகவே ஸாவை மட்டும் வைத்துச் சுருதி சேர்ப்பது போதாது. ஸா, மத்திமம், பஞ்சமம் மூன்றையும் தம்பூராவோடு ஊதிப் பார்த்து, நடுவழியில் மவுத்பீஸை நிறுத்தி, மிச்சத்தை உதட்டால் சரிசெய்ய வேண்டும்.

உதடு இறுகியிருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை. மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதினால் ஆல்ட்டோவுக்கு வரவேண்டியது 880 ஹேர்ட்ஸ், 'ஏ'. அதற்கு மேலே நின்றால் தாடை கடிக்கிறது. வெயில் மீது பழியைப் போட முதல் இதைப் பார்க்கவும்.

பஸ்ஸில் கொண்டுபோகும்போது டிறைவருக்குப் பக்கத்து எஞ்சின் மூடிக்கு மேல் பெட்டியை வைக்க வேண்டாம். பேட்டை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும், பேட் ஒரு பக்கம் சரியும். கறுப்பு எபோனைட் மவுத்பீஸ் வெயிலிலும் சுடுதண்ணியிலும் பச்சையாகிக் கந்தக மணம் அடிக்கும். பச்சைத் தண்ணியில் கழுவினால் போதும்.

27.07.2024

கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது. நாதஸ்வரத்தில் விரல் நேரே துளையில். துளையைப் பாதி திறந்து அசைக்கலாம். சாக்சபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் கீ, தண்டு, மூடி. ஆனாலும் மூடியைப் பாதியில் தாமதித்துத் தூக்கினால் சுரம் வழுக்கும். அதற்கு விரல் கீயை விட்டு விலகாமல், விரல் படும் முத்துமேலேயே இருக்க வேண்டும்.

உதட்டால் சுரத்தைக் கீழே இறக்குவது இலகு, மேலே ஏற்றுவது கஷ்டம். மேல் ஸ்தாயியில் அரைச் சுரத்துக்கு மேலும் இறங்கும். கீழ் ஸ்தாயியில் அசையவே அசையாது. ஆகவே கமகத்தை மேலே இருந்து கட்ட வேண்டும்: தோடியின் காந்தாரத்துக்கு மத்திமத்தை விரலில் பிடித்து, தாடையைத் தளர்த்திக் கீழே விழுத்தித் தூக்குவது. காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே தள்ளப் போனால் நாதம் நெரிபடும். தாடைக்குப் பயிற்சி: மவுத்பீஸில் மட்டும் 'ஏ'யிலிருந்து நாலைந்து சுரம் வழுக்கி இறங்கி ஏறுவது, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் உதட்டு உள்பக்கம் புண்ணாகும்.

பாடத் தெரியாத பிள்ளைக்கு இதொன்றும் வராது. எந்த இடத்தில் அசைக்க வேண்டும் என்று தொண்டை சொல்லாவிட்டால் தாடை சும்மா ஆடும், சினிமாப் பாட்டு வைப்ரேட்டோ மாதிரி.

17.08.2024

மடுத் திருவிழா முடிந்து பாண்ட் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். உயர்தரம் எடுக்கப்போகிறவர்களின் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: இதைப் படித்து என்ன உத்தியோகம்?

நேராகச் சொல்ல வேண்டியது: சாக்சபோனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழக வாசலுக்குப் போக வேண்டாம். வாய்ப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும். உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம், கூடவே வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரம் தரமாக. பிறகு மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலை வளாகம். கிளிநொச்சியிலிருந்து ஏ9இல் யாழ்ப்பாணம் போய் காங்கேசன்துறை வீதியால் ஏறினால் வரும். அங்கே படிக்கும் மனோதர்மம் (உடனுக்குடன் கற்பனை செய்து பாடுவது)தான் பிறகு வாத்தியத்தில் இறங்கும்.

மேலைத்தேய வழி விரும்பினால் பிரித்தானியப் பரீட்சைச் சபையான ஏபிஆர்எஸ்எம்மின் தரப் பரீட்சை. நேர்முகச் செயன்முறையில் மொத்தம் 150 புள்ளி, 100 சித்தி, 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். மூன்று உருப்படிக்குத் தலா 30, ஸ்கேலுக்கு 21, பார்த்து வாசித்தலுக்கு 21, செவிப் பரீட்சைக்கு 18. வன்னிப் பிள்ளைகள் உருப்படியில் கெட்டிக்காரர், பார்த்து வாசித்தலில் விழுவார்கள். 6ஆம் தரச் செயன்முறைக்கு முதல் 5ஆம் தரக் கோட்பாடு அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் பரீட்சை சித்தியடைந்திருக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு வருடம் இழந்தவர்கள் உண்டு.

கலியாண வீடும் தேவாலயமும்தான் உடனடி வருமானம். அதில் ஒரு குறையும் இல்லை. சத்தமாக ஊதிப் பழகி மெல்லிய நாதம் போய்விடுவதுதான் குறை.

14.09.2024

"சாக்சபோன் கிளாசிக்கலா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை எடுத்தார். 1857இல் பாரிஸ் கன்சர்வட்டுவாரில் வகுப்புத் தொடங்கினார், 1870இல் அது நின்றது. அடுத்த வகுப்பு 1942இல் மார்செல் மூல் பொறுப்பேற்றபோதுதான். நடுவில் 72 வருடம் ஆசிரியர் பதவி இல்லை. வாத்தியம் இராணுவ பாண்டிலும் நடன மண்டபத்திலும் பிழைத்தது. கிளசுனோவ் 1934இல் சாக்சபோன் கொன்செர்ட்டோ எழுதியது சிகுர்ட் ராஷர் விடாமல் கேட்டதால். அமெரிக்காவில் லாரி டீல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முழுநேரப் பேராசிரியரானது 1953. ஒரு நாற்காலி கிடைத்த பிறகுதான் உருப்படியும் மாணவரும் வரிசையாக வந்தார்கள்.

நம் பக்கத்தில் கத்ரி கோபால்நாத். 1949இல் பிறந்தவர், நாதஸ்வர வீட்டுப் பிள்ளை, மைசூர் அரண்மனை பாண்டில் கண்ட வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். 1994இல் லண்டன் பிபிசி புரொம்ஸ் மேடையில் வாசித்தார். 2019இல் காலமானார். நாயனம் ஒலித்த வீட்டிலிருந்து வந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். வன்னியில் சாக்சபோனுக்குப் பிள்ளை தேடுகிறவர் முதலில் பாண்ட் அறைக்குப் போகிறார். மேளக்காரர் வீட்டுப் படலையையும் ஒருக்கால் தட்டலாம்.

19.10.2024

மாரி தொடங்கிவிட்டது. ரீட் பற்றி எழுத இதுதான் நேரம்.

தொடங்குகிறவருக்குத் தடிப்பு இலக்கம் 2, ஒரு வருடத்துக்குப் பிறகு 2½. 3க்கு அவசரம் வேண்டாம். பெட்டியில் 10 இருந்தால் நல்லது மூன்று நாலுதான் தேறும், மிச்சம் பயிற்சிக்கு. புது ரீட்டை முதல் நாள் 5 நிமிடம், அடுத்த நாள் 10, மூன்றாம் நாள் 15. ஒரே நாளில் ஒரு மணித்தியாலம் ஊதினால் நார் தண்ணியை ஒழுங்கின்றிக் குடித்து நுனி அலை அலையாகும். நாலு ரீட்டைச் சுழற்சியில் வைத்து, நாளுக்கு ஒன்று.

அலையான நுனியை இரண்டு நிமிடம் தண்ணியில் வைத்து, கண்ணாடித் துண்டில் பெருவிரலால் அமர்த்தினால் அனேகமாக நேராகும். அடிப்பக்கம் வளைந்திருந்தால் 600 இலக்க அரத்தாளைக் கண்ணாடியில் வைத்து ஏழெட்டுத் தடவை தேய்க்க வேண்டும். நுனியைத் தேய்க்கக் கூடாது. கச்சான் காலத்தில் பெட்டிக்குள் ஈரத்துணி வைத்தவர்கள் இப்போது அதை எடுத்துவிட வேண்டும். மறந்தால் ஒரு கிழமைக்குள் கறுப்புப் பூஞ்சணம்.

09.11.2024

மழைக்கால ஒழுங்கு. ஊதி முடிந்ததும் பாரம் கட்டிய பருத்தித் துணியை மணிப்பக்கத்தால் போட்டுக் கழுத்துப்பக்கத்தால் இரண்டு தரம் இழுக்க வேண்டும். கழுத்துக்கு வேறு துணி. துணியை வாத்தியத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனால் ஈரத்தைப் பேட்டுக்குப் பக்கத்தில் பூட்டி வைத்ததாகும். ஊசி ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்கும் மாதத்துக்கு ஒருக்கால் ஊசிமுனையில் ஒரு துளி எண்ணெய். நீல எஃகில் துரு பிடித்தால் ஒருநாள் கச்சேரி நடுவில் சத்தமில்லாமல் ஒடியும். ஒடிந்தால் அன்றைக்கு மட்டும் ரப்பர் வளையம் ஒன்றால் கீயை அதன் வழமையான நிலைக்கு இழுத்துக் கட்டலாம். கழுத்துத் தக்கை தளர்ந்தால் குழாய்க்காரரின் வெள்ளை டேப் இரண்டு சுற்று.

நேற்று ஒரு பிள்ளை 'ம ப ம ப'வை 60இல் நாக்கு இல்லாமல் பதினாறு தடவை இடையில் ஒரு கீச்சும் இல்லாமல் ஊதியது. அடுத்த கிழமை 66.