தனிப்படை தேடிய ஆள்

கொலைகாரனை மாற்றியாகிவிட்டது. நான் வேலை பார்த்த போலீஸ் தொடரின் முந்தைய வரைவில் அவன், மனநோய் தீர வேண்டி ஆட்களைக் கொண்டுவந்து வைக்கும் ஏர்வாடி தர்கா பக்கம் சங்கிலியில் கிடந்து தப்பிப்போன மனநோயாளி. படம்பிடித்து முடித்திருப்பதில் அவன் ஐஸ் கம்பெனி முதலாளி. அந்த மாற்றத்துக்காக எழுதும் அறையில் அதிகம் மல்லுக்கு நின்றவன் நான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. தர்கா பக்கம் ஒரு அம்மா என்னிடம் கேட்ட கேள்வியும், அதற்கு நான் சொன்ன பதிலும், அந்தப் பதிலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்த விதமும்.

தொடரில் எனக்கு இரண்டு வேலை. வட்டாரப் பேச்சைச் சரிபார்ப்பது, போலீஸ் நடைமுறை பிசகாமல் பார்த்துக்கொள்வது. ராமநாதபுரத்தில் நிருபராக இருந்த காலத்தில் ஸ்டேஷன் வாசலும் ஜி.ஹெச். பிணவறை வாசலும் பழகிய இடங்கள் என்பதால் கூப்பிட்டார்கள். விருப்பத்தோடுதான் போனேன். 'துப்பறிவாளர் குழு' என்றிருந்த இடமெல்லாம் தனிப்படை ஆனது. கரை ஒதுங்கிய அடையாளம் தெரியாத உடலைப் பற்றி யாரோ ஸ்டேஷனுக்கு ஓடிவந்து கத்துவதாக இருந்த காட்சி, வி.ஏ.ஓ. எழுதிக்கொடுக்கும் புகாராக மாறியது. கதை 2024 ஜூலைக்குப் பிறகு நடப்பதால் சந்தேக மரணத்துக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 194தான் போட வேண்டும். ஆனால் பழைய ஏட்டையா வாயில் பழைய சட்டத்தின் 174தான் வரும், வசனத்தில் அதை அப்படியே விடுங்கள் என்றேன். தென்கடலில் மூக்கையூர் பக்கம் போட்ட உடல் மறுநாள் விடிகாலை வடகடலில் தொண்டியில் ஒதுங்குவதாக எழுதியிருந்தார்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும் என்று கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டுத் திருத்தினோம். இயக்குநர் இதையெல்லாம் ஒரு வார்த்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். அவர் நல்ல உழைப்பாளி, கேட்டுக்கொள்ளும் மனசு உள்ளவர். இதை எழுதுவது அவரைக் குறை சொல்வதற்காக அல்ல.

அவர் போட்டிருந்த முடிச்சு இது. கொலையான ஒவ்வொருவர் கணுக்காலிலும் சங்கிலித் தடம் இருக்கும். தனிப்படை அதைப் பிடித்துக்கொண்டு கடற்கரை முழுக்க அலைந்து, கடைசியில் ஏர்வாடிக்கு வந்து சேரும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓலைக் கொட்டகையில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் கருகிச் செத்தார்களே, அந்தத் தீயில் தப்பிய சிறுவன்தான் வளர்ந்து கொலைகாரனாகத் திரும்பி வருகிறான்.

சொல்லிக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. கதையாகப் பார்த்தால் இறுக்கமான முடிச்சுதான். ஆனால் அந்தத் தீ நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து ஊர்களில் அன்றைக்குப் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்த மாதமே அப்படிப்பட்ட விடுதிகளை மூடினார்கள், உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது, பிறகு 2017 மனநலச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 95ஆம் பிரிவில் எழுதிவைத்தது. இவ்வளவுக்கும் காரணமான அந்தச் சாவுகளிலிருந்து ஒரு கொலைகாரனை எழுப்புவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொல்லவில்லை. பேச்சு சேகரிக்கப் போய்விட்டு வருகிறேன், வந்து பேசலாம் என்று கிளம்பினேன்.

தர்காவைச் சுற்றி இன்றும் மனநோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். எல்லா மதத்தவரும் உண்டு, கேரளத்துக்காரர்களும் உண்டு. கனவில் உத்தரவு வந்தால்தான் ஊர் திரும்புவது என்று இருப்பவர்கள் பலர். துஆ எனும் பிரார்த்தனையோடு சேர்த்து மாத்திரையும் தர மருத்துவர்கள் வருகிறார்கள். அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர். மகனுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இடது கணுக்காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடியே முளைக்காமல் தோல் கறுத்து மினுங்கியது. உள்பக்க எலும்புக்கு மேலே மட்டும் தழும்பு தடித்திருந்தது, மற்ற பக்கம் வழவழப்பாக இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பழைய சேலையக் கிழிச்சு உள்ளுக்கு சுத்தி வைப்பேன் தம்பி, அவன் பிச்சுப் போட்டுருவான்" என்றார். தீப்பிடித்த அன்று அவர்கள் வேறு கொட்டகையில் இருந்தார்களாம்.

என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"போலீஸ் கதை எடுக்குறோம்மா. நம்ம தம்பி மாதிரி ஒருத்தரும் அதுல வர்றாரு."

"அவன் என்ன பண்றான்?"

இங்கேதான் நான் ஒரு நொடி நின்றேன். பிறகு சொன்னேன்: "அவர தேடுறாங்கம்மா. தனிப்படை போட்டு, ஊர் ஊரா."

"இவன் மாதிரி ஒருத்தனுக்கா? தனிப்படையா?"

"ஆமாம்மா."

"அப்ப கெடச்சுருவான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை. உடனே அடுத்த கேள்வி: "போட்டோ கேப்பாங்களே, வீட்டுல வச்சிருந்தாங்களா?"

பிறகுதான் அவர் கதை வந்தது. ஒருமுறை மகன் காணாமல் போயிருக்கிறான். ஸ்டேஷனுக்குப் போனதற்கு, போட்டோ இல்லாமல் எப்படித் தேடுவது, போட்டோவோடு வா என்று அனுப்பிவிட்டார்களாம். ஊருக்குப் போய்ப் போட்டோ எடுத்துவர அவருக்கு மனசில்லை, அதற்குள் இவன் திரும்பி வந்து தன்னைத் தேடினால் என்ன செய்வது என்ற பயம். கரையோரமாகவே நடந்திருக்கிறார். வாலிநோக்கம் போகும் வழியில் ஒரு டீக்கடைக்காரர் உட்காரவைத்துச் சோறு போட்டு வைத்திருந்ததால் மகன் கிடைத்தான். அன்றிலிருந்து சுருக்குப்பையில் போட்டோ இல்லாமல் அவர் இருப்பதில்லை. எடுத்துக் காட்டினார். பாலித்தீன் கவருக்குள் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். உப்புக்காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மேலே இருந்ததை உரிக்கும்போது அடுத்ததன் முகத்தில் பாதி கூடவே வந்துவிட்டது.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அன்றைய வரைவில் இருந்தது. தனிப்படை தேடுகிறது, ஊர் ஊராகத் தேடுகிறது, கடைசியில் கிடைத்தும்விடுகிறான். எதற்காகத் தேடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. மகனை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்வது? அன்று யாராக இருந்தாலும் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொண்ட மறுநிமிடம், "அப்ப கெடச்சுருவான்" என்ற குரல் கேட்கிறது.

அறைக்குத் திரும்பியதும் பேசினேன். இயக்குநர் ராமன் ராகவை எடுத்தார். "அண்ணே, பம்பாயில நடைபாதையில தூங்குனவங்கள அடிச்சுக் கொன்னவன், 1968ல பிடிச்சாங்க. மனச்சிதைவு இருந்துச்சுன்னு டாக்டர்களே சொல்லித்தான தூக்கு ஆயுளாச்சு? இல்லாததையா எழுதுறோம்?" உண்மைதான். ஆனால் தொடர் கொலைகாரர்கள் பட்டியலை முழுசாகப் படித்தால் வேறு மாதிரி ஆட்கள் வரிசையாக வருகிறார்கள் என்றேன். இங்கிலாந்தின் ஹரால்ட் ஷிப்மேன் ஊர் மதித்த டாக்டர். 15 கொலைகளுக்காக 2000இல் தண்டிக்கப்பட்டார். அமெரிக்காவின் டென்னிஸ் ரேடர் 2005இல் பிடிபட்டபோது தன் தேவாலய நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் சயனைடு மோகன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். கல்யாண ஆசை காட்டிப் பெண்களை அழைத்துப்போய், கர்ப்பத்தடை மாத்திரை என்று சொல்லி சயனைடு கொடுத்தவர். பஸ் நிலையக் கழிப்பறைகளில் உடல்கள் கிடந்தன. வெவ்வேறு ஸ்டேஷனில் வெவ்வேறு இயற்கைக்கு மாறான மரணமாகப் பதிவாகிக் கிடந்ததால் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. 2009இல் ஒரு பெண்ணைக் காணவில்லை என்ற புகாரை ஊர் மக்கள் விடாமல் நெருக்கினார்கள். அதைப் பின்தொடர்ந்து போன இடத்தில்தான் அவர் பிடிபட்டார்.

"அண்ணே, ஆடியன்ஸுக்கு அவன் ஏன் கொல்றான்னு ஒரு காரணம் வேணும்ல?"

"அந்தத் தீயில செத்தவங்கதான் அந்தக் காரணமா சார்?"

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சில நாளில் கொலைகாரன் மாறினான். ஐஸ் கம்பெனி யோசனையும் நான் கொடுத்ததுதான். உடல் வெளியில் ஒரு வாரத்தில் அழுகும் அளவுக்குத் தண்ணீரில் இரண்டு வாரம், மண்ணுக்குள் எட்டு வாரம் ஆகும் என்று தடய மருத்துவத்தில் காஸ்பர் பெயரில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஐஸில் வைத்திருந்த உடலை எடுத்துக் கடலில் போட்டால் அந்தக் கணக்கே குழம்பும், தனிப்படை தவறான நாளைப் பிடித்துக்கொண்டு ஓடும். இயக்குநருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பின்னால்தான் கேள்விப்பட்டேன், தர்கா பெயர் வந்தால் வழக்கு வரும் என்று தயாரிப்புத் தரப்பு வக்கீலும் எழுதிக்கொடுத்திருந்தாராம். என் பேச்சு எடுபட்டதா, வக்கீல் கடிதம் எடுபட்டதா என்று தெரியாது. எதுவாக இருந்தாலும் சரி, மாறியது நல்லது.

பிறகு நடந்ததுதான் என்னைக் குடைகிறது. "மனநோயாளி கேரக்டர முழுசா தூக்க வேணாம்ணே, முதல் விக்டிமா வைக்கலாம். அவனைக் காணோம்னு அம்மா வர்றா, ஸ்டேஷன்ல திருப்பி அனுப்பிடுறாங்க. அதே ஆள் கரை ஒதுங்குறான். அங்க இருந்து கதை தொடங்குது" என்றார் இயக்குநர். நான் அந்த அம்மா சொன்னதை அறையில் சொல்லியிருந்தேன், அதிலிருந்து எடுத்திருக்கிறார். யோசனை சரியானதும்கூட. மோகன் இத்தனை பேரைக் கொல்ல முடிந்ததே, போனவர்களை யாரும் தீவிரமாகத் தேடாததால்தான். அதை இதைவிட நன்றாகச் சொல்லும் காட்சி இல்லை.

நான் வேண்டாம் என்றேன்.

கொலைகாரனாக்க வேண்டாம் என்று சண்டை போட்டவன், பிணமாக மட்டும் எப்படிக் கொடுப்பேன்? அந்த அம்மா நிம்மதிப்பட்டது மகன் கிடைப்பான் என்பதற்காக. கரையில் ஒதுங்குவதையா அவருக்குக் காட்டுவது? உயிரோடு கிடைக்கட்டும், ஒரு ஏட்டு மட்டும் தனியாக அவனைத் தேடிக்கொண்டே போகட்டும், தனிப்படை ஒரு பக்கம் போகட்டும் என்று நான் சொன்ன மாற்று, எட்டு எபிசோடுக்குள் அடங்காது, வேகத்தைக் குறைக்கும் என்று தள்ளுபடியானது. இந்த வகைக் கதைக்கு வேகம் உயிர் என்பது எனக்கும் தெரியும். ஆகவே அவன் தொடரில் எங்குமே இல்லை. பாம்பன் பாலம் இருக்கிறது, கருவாடு காயும் கரை இருக்கிறது, சந்தனக்கூடு ஊர்வலம்கூட ஒரு ஷாட்டில் வருகிறது. காலில் தழும்போடு சுவரில் சாய்ந்திருக்கும் ஒருவன் இல்லை.

மறுத்தது சரிதானா? ஒரு நாள் சரி என்று படுகிறது. அடுத்த நாள், பிணமாகவாவது வந்திருந்தால், அந்த அம்மா திருப்பி அனுப்பப்படும் காட்சியை லட்சம் பேர் பார்த்திருப்பார்களே என்று படுகிறது. தொடரை முழுசாகப் போட்டுப் பார்த்த அன்று இன்னொன்றும் தோன்றியது. மோப்ப நாய், செல்போன் டவர் பட்டியல், மூன்று மாவட்டத்து ஜீப்புகள் எல்லாம் ஓடுவது கொன்றவனைத் தேடி. தொலைந்தவனைத் தேடி ஒரு சைக்கிள்கூடப் போவதில்லை. ஒரு தனிப்படை அந்த மகனைத் தேட வேண்டுமென்றால் அவன் கொலை செய்திருக்க வேண்டும். முதல் வரைவில் எழுதியிருந்தது அதுதான். தர்கா வாசலில் நான் அந்த அம்மாவுக்கு அதைத்தான் நல்ல செய்தியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மேன் மிஸ்ஸிங் கேஸ் எல்லாவற்றுக்கும் தனிப்படை போட முடியாது, ஆள் பலம் அவ்வளவுதான் என்றார். நியாயம்தான். ஆனால் போட்டோ இல்லாவிட்டாலும் புகாரை வாங்கியிருக்கலாம், அடையாளம் கேட்டு எழுதியிருக்கலாம், அதற்கு ஆள் பலம் தேவையில்லை என்றும் அவரே சொன்னார்.

இரண்டாவது சீசன் பேச்சு வந்திருக்கிறது. புகார் வாங்கும் ஒரு பெண் ஏட்டை வைத்து இரண்டு காட்சி எழுதி இயக்குநருக்கு அனுப்பினேன். இந்த முறை காணாமல் போனவனிடமிருந்தே தொடங்கலாம், உயிரோடு கிடைக்கட்டும் என்று பதில் போட்டிருக்கிறார். அந்த அம்மாவிடம் அனுமதி வாங்கிவிடுங்கள் என்றும் கேட்டிருக்கிறார். அனுமதி கேட்க வேண்டுமென்றால், நான் முதலில் சொன்ன கதையில் அவர் மகன் மாதிரியான ஆளைப் போலீஸ் எதற்காகத் தேடியது என்பதையும் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்கிறாள் என் மனைவி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. சந்தனக்கூட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் போகலாம் என்றிருக்கிறேன்.