கபாடபுரத்தின் அடுப்படி

கடல்கொண்ட கபாடபுரத்தைக் களமாக வைத்து மாயப் புனைவு நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். அந்நகரில் தமிழ்ப் புலவர்களின் அவையான இடைச்சங்கம் 3700 ஆண்டுகள் நடந்ததாகவும், 59 பாண்டிய மன்னர்கள் அதைப் புரந்ததாகவும் இறையனார் களவியல் உரை என்னும் பழைய இலக்கண உரைநூல் சொல்கிறது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரோ, பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே ஏழ்தெங்க நாடு, ஏழ்குறும்பனை நாடு என 49 நாடுகளைக் கடல் விழுங்கியதாகப் பெயர் சுட்டி எழுதுகிறார். இவற்றை நான் தொன்மமாகவே கொள்கிறேன். புனைவெழுத்துக்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை.

அரண்மனைக் காட்சிகளைவிட அடுப்படிக் காட்சிதான் என்னை அதிகம் சோதித்தது. மீன் குழம்புக்கு ஒருத்தி அம்மியில் மிளகாய் அரைப்பதாக எழுதிய பிறகு, அது அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த பயிர் என்பது நினைவுக்கு வந்து, முழுப் பத்தியையும் அடித்துத் திருத்தினேன். இப்போது அவள் கைநிறைய மிளகை நுணுக்கி, உப்பு வணிகரான உமணர் வண்டியில் வந்த கல்லுப்பைச் சேர்க்கிறாள். அந்தக் காரநெடி தெருமுனைவரை வருகிறது. இரவுக் காவலர்கள் பொழுதை அளப்பது முல்லைப்பாட்டில் வரும் குறுநீர்க் கன்னல் என்னும் நீர்க்கடிகாரத்தைக் கொண்டு. கடல் நகருக்குள் புகும் இரவில் அந்த நாழிகை வட்டில்தான் முதலில் மூழ்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த அத்தியாயத்தை நாளை தொடங்குகிறேன்.